டீக்குள் திறந்த லாக்கெட்

“என் லாக்கெட் திறந்த சத்தத்துல போன மாசம் ஒரு கல்லறைத் தோட்டமே எழுந்து உக்காந்துடுச்சு. எல்லாரையும் சமாதானம் பண்ணி மறுபடி படுக்க வைக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பே போச்சு!”

மேடையில் லாக்கெட் மகான் இப்படிச் சொன்னதும் மண்டபம் தட்டிய கைதட்டலில் கூரைப் புறாக்கள் அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்தன. கூட்டமா அது! மூச்சை உள்ளே இழுத்தவர்கள், வெளியே விட முறை வரும்வரை காத்திருந்தார்கள்.

வரிசையில் அக்காவோடு நசுங்கிக்கொண்டிருந்தாள் நகை ரிப்பேர்க்காரி. முப்பது வருஷமாக லாக்கெட்டுக்குக் கீல் மாற்றியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அக்காவின் கையில் அம்மாவின் பழைய தங்க லாக்கெட்; உள்ளே அம்மாவின் நரைமுடி ஒரு சுருள். அம்மா போய் மூன்று மாதம்.

மகானின் விதி எளிது. பழைய தங்க லாக்கெட்டை அவருடைய பெட்டியில் போட்டுவிட வேண்டும், சக்தி தீர்ந்துவிட்டதாம். அவர் தரும் பித்தளை லாக்கெட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நினைத்தால், போனவர் வந்து மூடியைத் திறப்பார். சூடான கைக்காரர்களுக்குத் திறந்தது. கை சில்லிட்டவர்களுக்கோ, மனசு சுத்தமில்லை என்று தீர்ப்பு!

“வேண்டாம்க்கா. ஒரு காலத்துல ஊர் நாத்தம் தாங்காம இதுல வாசனைப் பஞ்சு வச்சாங்க. அப்புறம் விஷம் வச்சாங்க. காதலி முடி, சண்டைக்குப் போனவன் போட்டோ, எல்லாம் வச்சாங்க. இப்ப பிரஷர் மாத்திரை வைக்கறாங்க. ஆவி வச்சு ஒண்ணுகூட என் கடைக்கு ரிப்பேருக்கு வரலியே?”

“வாயை மூடுடி. அம்மா ஒரே ஒரு தடவை வந்தா போதும் எனக்கு.”

அக்கா லாக்கெட்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. மகானின் முன்னால் ஒரு டம்ளர் டீ. அக்காவின் கை பெட்டிக்கு மேலே போய்விட்டது. தங்கை சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டு, மகான் நீட்டிய பித்தளையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு. அட, மெழுகு! பொடிப்பொடிச் சாமான் நழுவாமலிருக்க அவளே தினமும் ஒட்டுகிற மெழுகு.

“ஐயா, உங்க டீ சூடா இருக்கா?”

“நாக்கு பொசுங்குதும்மா. ஏன்?”

தொபுக்கென்று லாக்கெட் மகானின் டீக்குள் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... டிக்!

கரண்டியால் எடுத்துக் காட்டினாள். லாக்கெட் வாயைப் பிளந்திருந்தது; உள்ளே குட்டி ஸ்பிரிங் துருத்திக்கொண்டு நின்றது. டீயின் மேல் மெழுகு வட்டமாக மிதந்தது.

“அக்கா, நம்ம அம்மா டீ குடிப்பாங்களா?”

“டீ வாசனையே ஆகாதேடி அவங்களுக்கு! காபிதானே...” என்ற அக்கா, பாதியில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு அழுகைக்கு நடுவே சிரித்தேவிட்டாள். அம்மாவின் லாக்கெட் அவள் கழுத்துக்கே ஏறியது.

கூட்டம் பெட்டிமேல் பாய்ந்து அவரவர் தங்கத்தைத் தேடியது. ஜன்னலில் ஒரு காலைப் போட்டுவிட்ட மகான் அப்போதும் விடவில்லை.

“திறந்துச்சா, இல்லியா? அதைச் சொல்லும்மா!”

“திறந்துச்சுங்கய்யா. இந்தக் கண்ணாலதான் பார்த்தேன், ஒத்துக்கறேன்” என்ற ரிப்பேர்க்காரி, கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “பித்தளை, அதுவே மூணு எண்ணறதுக்குள்ள திறந்துக்கிச்சு. உங்க மண்டைக்குத்தான் இன்னும் எத்தனை டம்ளர் ஊத்தணும்னு தெரியல!”