ஆத்தூரில் இறங்காதவன்

கடலில் இறங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. குடும்பத்தோடு நாலு முறை கடலுக்குப் போயிருக்கிறேன். நாலு முறையும் கரையில் உட்கார்ந்து பையும் செருப்பும் காத்தேன். அலை காலில் பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மச்சினிச்சியின் செருப்பு என்ன சைஸ் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக்கு வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர் வைக்கும்போதே என்னில் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதியைக் கல்யாணத்தன்று மலர்விழி வாங்கிக்கொண்டாள்.

'ஒரே நாளில் நாலு கடற்கரை, கூடவே கைடு' என்று ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தது. ரகசியமாக ஒரே ஒரு சீட் போட்டேன். கடலுக்கென்றே ஒரு அரை டவுசர் வாங்கி, பைக்குள் துண்டுக்கு அடியில் ஒளித்தேன். பொய்யும் தயார். பஸ் ஆத்தூர் வழியாகத்தான் போகிறது. பொய் சொன்னாலும் பாதி தூரத்துக்காவது உண்மை இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

முந்தின நாள் சாயங்காலம் மலர்விழி ராசிபுரத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"மலரு, நாளைக்கு வெடியால ஆத்தூரு வரைக்கும் போயிட்டு வாரேன். பழைய ரிக்கு வண்டி ஒண்ணு வெலைக்கு வருது."

"தாராளமா போயிட்டு வாங்க. உங்க பையில புளிசாதம் வெச்சிருக்கேனுங்க. இப்பவே தொறந்துறாதீங்க, காத்துப் பட்டாக் கெட்டுப்போயிரும்."

"செரி."

"அப்ப நானும் வாரேனுங்க."

எங்கள் பக்கம் வாசலில் நின்று யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். போனாலும் வாரேன், வந்தாலும் வாரேன். அவள் போகிறாள் என்று சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

விடியற்காலையில் பையைத் தூக்கினேன். கனத்தது. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலோர சீட்டில் தோளில் கிடந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். நடுவில் பஸ் எங்கேயோ நின்றது. பெண்கள் கூட்டம் கலகலவென்று ஏறியது. நான் துண்டை விலக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து யாரோ தோளைத் தட்டினார்கள்.

"ஏனுங்க, ஆத்தூரு வந்துருச்சு. எறங்கலீங்களா?"

மலர்விழி!

"நீ எப்புடி இங்க?"

"நானும் வாரேன்னு சொல்லிட்டுத்தானுங்களே போனேன்? நோட்டீசைச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுத் தொவைக்கப் போட்டா, படிக்காமயா தொவைப்பாங்க?"

அவளுக்குப் பின்னால் அவளுடைய மகளிர் குழு. பதினோரு பேர். எல்லாரும் ராசிபுரத்தில் ஏறியவர்கள். "அண்ணா, வணக்கமுங்க!" என்று கோரஸாகச் சொன்னார்கள்.

கைடு கோகுல்ராஜ் மைக்கைப் பிடித்தான். "ஈரத் துணியோட பஸ்ஸுல ஏறக் கூடாதுங்க. மாத்துத் துணி இருக்கறவங்க மட்டும் தண்ணியில எறங்குங்க."

என்னிடம்தான் டவுசர் இருக்கிறதே! யார் வந்தால் என்ன, இறங்கியே தீருவது.

முதல் கடற்கரை கடலூர். கோகுல்ராஜ் கையை நீட்டி, "இதுதாங்க வங்காள விரிகுடா!" என்றான்.

"கேட்டீங்களா? விரிகுடாவாம். ஜமுக்காளத்த விரிங்க," என்றாள் மலர்விழி.

விரித்தேன். பன்னிரண்டு பை, பன்னிரண்டு ஜோடிச் செருப்பு வந்து விழுந்தன.

"மலரு, நா கடல்ல..."

"ஓரம் பறக்குது பாருங்க, அதும்மேல உக்காருங்க. அடுத்த ஊருல எறங்கிக்கலாம். எல்லாம் ஒரே தண்ணிதானுங்களே?"

சாமியார்பேட்டையிலும் விரித்தேன். சாமியாராகவே உட்கார்ந்தேன். மதியம் குழுவே தக்காளி சாதம் போட்டது. என் பையைத் திறக்கவே விடவில்லை. பூம்புகாரிலும் அதே ஜமுக்காளம், அதே ஓரம்.

கடைசி, தரங்கம்பாடி. எழுந்து நின்றேன்.

"மலரு! இன்னிக்கு நா எறங்கியே தீருவேன். ஆரு செருப்புப் போனாலும் போவட்டும்!"

நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறங்குங்க சாமி, ஆரு வேண்டாங்கறா?" என்றாள் அவள், மெதுவாக.

உருகிவிட்டேன். இத்தனை வருஷமாக இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பையைத் திறந்தேன். துண்டு இல்லை. டவுசர் இல்லை. புளிசாதம் இல்லை. பாசமும் இல்லை. என் கடையிலிருந்தே எடுத்த பெரிய ஸ்பேனர் மூன்று இருந்தன.

"டவுசரு எங்க?"

"ரிக்கு வண்டி பாக்கப் போறவருக்கு டவுசரு எதுக்குங்க? ஸ்பேனருதானுங்களே வேணும்? அதான் மாத்தி வெச்சேன்."

பையிலிருந்து எடுத்த என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அலைக்குள் இறங்கிப் போனாள்.

காற்று பலமாக அடித்தது. ஜமுக்காளத்துக்கு நாலு மூலை. மூன்றில் ஸ்பேனரை வைத்தேன். நாலாவதில் நான் உட்கார்ந்தேன்.