இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்த விவகாரம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலம் என்றால், காலில் இரண்டு ஜோடி உறையும் தலையில் கம்பளிக் குல்லாயும் போட்டுக்கொண்டு, பதினெட்டு டிகிரியில் கட்டுக்கோப்பாக நலம். அங்கே நீங்களும், உங்கள் மனைவியாரும், ஒன்பது நாளாக உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவள் உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பாள். அந்தக் கதையில் நான் கிறுக்கனாக வருவேன். என் தரப்பையும் கேட்டுவிட்டு, அவளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, முப்பத்தொரு வருடம் நான் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்தவன். என் வேலை மீனைப் பார்ப்பது அல்ல, கதவைப் பார்ப்பது. உள்ளே வருகிறவன் முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வாயால் "கதவைச் சாத்துடா" என்று நான் கத்தின தடவைக்கு வேறொருவன் மந்திரம் சொல்லியிருந்தால் நேராக மோட்சத்துக்கே போயிருப்பான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. கோடையில் பகல் முழுக்கத் திரையை இழுத்துவிடுங்கள், ஏசியை இருபத்தாறில் வைத்துக்கொண்டு மின்விசிறியைச் சுழலவிடுங்கள், குளிர்காலத்தில் வெயில் விழுகிற ஜன்னலின் திரையை மட்டும் விலக்குங்கள், புழங்காத அறையைச் சூடாக்காதீர்கள், கதவிடுக்கை அடையுங்கள், ஹீட்டரைப் பதினெட்டில் நிறுத்துங்கள் என்று போட்டிருந்தது. மச்சான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னதை ஒருவன் வண்ணத்தில் படம் போட்டு அச்சடித்திருக்கிறான்!

கோடையில் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. திரையை இழுத்துவிட்டதில் கூடம் கொஞ்சம் இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். சம்பந்தி ஒரு நாள் மத்தியானம் வந்தவர், வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்து, நாற்காலியில் கிடந்த மெத்தை என்று நினைத்து உங்கள் தங்கை ஊசி குத்திவைக்கும் பஞ்சுத் திண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த உடம்போடு அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. இதை அவள் உங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பாள். ஆனால் அப்போது கூடத்தில் இருபத்தாறு டிகிரிதான் இருந்தது, மனிதர் ஒரு சொட்டு வியர்க்கவில்லை என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

குளிர்காலம் வந்ததும் ஒரே அறைத் திட்டத்தைக் கொண்டுவந்தேன். கூடத்துக்கு மட்டும் ஹீட்டர், மற்ற அறைகளுக்குப் பூட்டு. சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் கூடத்தில். உங்கள் தங்கையின் தையல் அறையும் சாத்திய அறைகளில் சேர்ந்துவிட்டது. "அங்கதாங்க நான் அளவெடுக்கணும், வர்றவங்க கூடத்துல உங்க முன்னாடியா நின்னு அளவு குடுப்பாங்க?" என்று கேட்டாள். கேள்வி நியாயம்தான். அளவெடுக்க ஐந்து நிமிடம், அதற்காக ஒரு அறையைச் சூடாக்குவதா என்று நான் கேட்டது அதைவிட நியாயம். ஆகவே ஹீட்டர் இல்லாத அந்த அறையிலேயே ஒன்பது டிகிரியில் அளவெடுப்பு நடந்தது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஆண்டுவிழாவுக்கு ஒரு நீள கவுன் தைக்கக் கொடுக்க வந்தார். அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக நிற்க, இவள் இரண்டு ஸ்வெட்டருக்கும் ஒரு சால்வைக்கும் மேலாக டேப்பைச் சுற்றி அளவெடுத்து, எடுத்த அளவுக்கு ஒரு நூல் பிசகாமல் தைத்தும் கொடுத்துவிட்டாள். ஆண்டுவிழா மேடையில் டீச்சரம்மா ஒரு பக்கம் திரும்பினால் கவுன் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றதாம். இருபது வருடமாக அளவு தப்பாத தையல்காரி என்று பெயர் எடுத்தவள் மச்சான் அவள். அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தால் வாய் வழியாகச் சூடு போகாது என்று ஒரு வேடிக்கைக்குச் சொன்னேன். அதற்கும் பேசவில்லை.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தெருக் கதவுக்கும் கூடத்துக் கதவுக்கும் நடுவில் செருப்பு விடும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. தெருக் கதவு முழுக்கச் சாத்தினால்தான் கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் விடுபடும்படி, கிடங்கில் இருந்த மாதிரியே, ஒரு கம்பியால் இரண்டையும் இணைத்தேன். என் வாழ்நாளில் என் சொந்தக் கையால் செய்த ஒரே அருமையான வேலை அது. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரம்மா கவுனைப் பையில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தார். அவர் அந்த இடைவெளிக்குள் நுழைந்த அதே நேரத்தில் பின்னாலேயே சம்பந்தியம்மாள், அவருக்கும் பின்னால் சம்பந்தி. அந்த இடத்தில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆளாகச் சம்பந்தியின் தொந்தி மட்டும் உள்ளே வந்தது, மீதிச் சம்பந்தி தெருவில் நின்றார். தெருக் கதவு சாத்தவில்லை, ஆகவே கூடத்துக் கதவு திறக்கவில்லை. நான் உள்ளே இருந்தபடி, "யாராவது ஒருத்தர் வெளிய போங்க, அப்பதான் மத்தவங்க உள்ள வரலாம்" என்று பொறுமையாக விளக்கினேன். "நான்தான் மொதல்ல வந்தேன்" என்றார் டீச்சரம்மா. "நாங்க சம்பந்தி வீட்டுக்காரங்க" என்றார் சம்பந்தியம்மாள். சம்பந்தி, "மூச்சை இழுத்துப் புடிக்கறேன், சாத்திப் பாருங்க" என்றார். இழுத்துப் பிடித்தார், அப்படியும் நான்கு விரற்கடை மிச்சம்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். உங்கள் தங்கை துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள், என் கம்பியை ஒரே வெட்டில் வெட்டினாள், கூடத்துக் கதவைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன! மூன்று பேரும் ஒரே மூட்டையாகக் கூடத்துக்குள் வந்து விழுந்தார்கள். அந்த நேரத்தில் நான் செய்ததுதான் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். விழுந்தவர்களைத் தூக்காமல் நோட்டை எடுத்து, "பதினொன்று நாற்பது. இரு கதவும் திறப்பு. பதினெட்டிலிருந்து பதினான்கு. காரணம்: மனைவி" என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம் மச்சான், கை தானாகப் போய்விட்டது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, ஆண்களை அடுக்களைக்கு விரட்டிவிட்டு, கூடத்தில் வைத்து டீச்சரம்மாவுக்குச் சரியாக மறு அளவு எடுத்து, கவுனையும் கத்தரிக்கோலையும் பெட்டியில் போட்டுக்கொண்டாள். "நான் அண்ணன் வீட்டுக்குக் கெளம்பறேன். அதையும் உங்க நோட்டுலயே எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி காரில் ஏறிவிட்டாள். எழுதினேன். போகும்போது முதலில் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தெருக் கதவைத் திறந்தாள் என்பதையும் எழுதினேன்.

அந்தக் கம்பியை நான் திரும்ப மாட்டவில்லை. தையல் அறையைத் திறந்துவிட்டேன், ஆள் வரும்போது அங்கே ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம், அரை மணி நேரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். சம்பந்திக்கும் டீச்சரம்மாவுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. நோட்டில் "காரணம்: மனைவி" என்பதை அடித்துவிட்டு "காரணம்: நான்" என்று திருத்திக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் கொள்கை கொள்கைதான். பதினெட்டு பதினெட்டுதான், அதற்கு மேல் ஒரு டிகிரி கிடையாது. இந்த ஒன்பது நாளும் தனி ஆளாக அதைக் கட்டிக்காத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அவள் காதில் போட்டுவையுங்கள். வீட்டில் பேச ஆள் இல்லாமல் ஹீட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் சந்தர்ப்பம் பார்த்துச் சொல்லுங்கள். அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் மனைவியாருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள், கதவைச் சாத்திப் பழகும் குழந்தைக்கு இரட்டை ஆசிகள்.

இப்படிக்கு,
பணிவுள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு தடவை படித்தும் நம்ப முடியவில்லை. வந்த மறுநாளே உங்கள் ஹீட்டரைப் பதினெட்டில் நிறுத்தி, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கழற்றித் தன் ஊசிப் பெட்டியில் வைத்துக்கொண்டாளா? உங்களை எல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டாளா? உங்கள் நல்ல பேன்ட்டின் இரண்டு காலையும் வெட்டி, மணல் அடைத்துத் தைத்து, கதவிடுக்கில் போட்டிருக்கிறாளா? "மாப்ள, உங்க கால்ல விழறேன், உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், முப்பத்தொரு வருடத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது! மத்தியான பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன். மேலே எழுதியதில் குல்லாயையும் காலுறையையும் நம்ப வேண்டாம். அவள் போன அன்று சாயங்காலமே எல்லா அறைக்கும் ஹீட்டரைப் போட்டு இருபத்தாறில் வைத்துவிட்டேன், பனியனோடுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்படியும் எனக்குக் குளிர் விடவில்லை. அவள் கேட்டால் பதினெட்டு என்றே சொல்லுங்கள்.