சாதா சளிக்காரரும் கிறிஸ்மஸ் தாத்தா முகமும்

டிசம்பரில் மழை விட்டுப் பனி இறங்க ஆரம்பித்ததும் எங்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஓர் உயிரினம் நடமாடத் தொடங்கும். இதற்குக் கொம்பு கிடையாது, வாலும் கிடையாது. மூக்கு உண்டு. அந்த மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால், "சாதா சளிதான்" என்று பதில் வரும். ஆகவே நான் இதற்குச் சாதா சளிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இவரைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. செங்கல்பட்டு மின்சார ரயிலில் உங்கள் தோளுக்கு மேலே தும்மியவர் இவர்தான். கல்யாணப் பந்தியில் கையில் இருமிவிட்டு, அதே கையால் உங்கள் இலையில் அப்பளம் வைத்தவரும் இவர்தான். ஜுரம் நூற்றிரண்டு ஏறினால் ஒரு மாத்திரை போடுவார்; அது நூறுக்கு இறங்கியதும் "நூறுதான்" என்று சொல்லிச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இருமலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி காரணம், தும்மலுக்குக் கோவளத்திலிருந்து வரும் கடல் காற்று காரணம், கண் சிவந்ததற்குச் செல்போன் காரணம். காய்ச்சல் மட்டும் காரணம் கிடையாது. மூக்கு அடைத்திருப்பதால் சொம்பை அண்ணாந்து குடிக்க முடியாது. வாய் வைத்துக் குடித்துவிட்டு, விளிம்பை உள்ளங்கையால் ஒரு துடை துடைத்து, "இந்தா, நீ குடி" என்று நம்மிடம் நீட்டுவார். துடைத்துவிட்டாரே, இனி நாம் என்ன சொல்ல முடியும்?

எங்கள் சர்ச் சபையின் சாதா சளிக்காரர் ஸ்டான்லி அண்ணன். வாலிபர் ஐக்கியத்தின் தலைவர். வாலிபருக்கு வயது முப்பத்தொன்பது.

போன டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்மஸ் கேரல் பாட்டுப் பாடப் போவதற்கு முன்னால், செயலாளர் ஜெனிட்டா வாட்ஸ்அப்பில் ஒரு விதி போட்டாள். காய்ச்சல், இருமல் இருக்கிறவர்கள் வர வேண்டாம். அதற்குக் காரணம் இருந்தது. பட்டியலில் கடைசி வீடு எங்கள் வீடு. அங்கே என் அக்கா ஜெபா பிரசவத்துக்கு வந்து, முப்பத்தைந்து நாள் பிள்ளையோடு இருந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவன். என் முழங்கை அளவுதான் இருந்தான். சளி பிடித்தவர்கள் யாரையும் கிட்டே விடாதீர்கள், இவனுக்கு மூச்சு முட்டினால் தாங்க மாட்டான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். விதிக்கு எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். ஸ்டான்லி அண்ணன் இரண்டு கட்டைவிரல் காட்டினார்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வேன் வந்தது. ஸ்டான்லி அண்ணனும் வந்தார், கழுத்தில் மப்ளரோடு.

"அண்ணே, உங்களுக்கு ஜுரமா?" என்றாள் ஜெனிட்டா.

"ஜுரமா? யாருக்கு? தொட்டுப் பாரு."

தொட்டவள் தோசைக்கல்லில் கை வைத்தவள் போல உதறினாள். "அண்ணே, சுடுது!"

"வெயில்ல நின்னுகினு இருந்தேன்ல, அதான்."

வானத்தில் வெயிலே இல்லை. ஆனால் இதையெல்லாம் தலைவரிடம் யார் சொல்வது? அவர் இல்லாமல் போனால் ஐக்கியத்துக்கு மரியாதை என்ன? இருபது நிமிடம் கூட்டம் போட்டோம். கடைசியில் டிரம் வாசிக்கும் தர்மராஜ்தான் வழி கண்டுபிடித்தான்.

"இன்னாத்துக்குப் பேஜாரு? இருமல் வாய் வழியாத்தான வருது? அண்ணன் மூஞ்சிய மூடிட்டா மேட்டர் முடிஞ்சிது. தாத்தா மூஞ்சிய அவருக்கு மாட்டு!"

எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கிறிஸ்மஸ் தாத்தா முகம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ரப்பர் முகம், பஞ்சுத் தாடி. உள்ளே இட்லிப் பானை போல வேகும். அரை மணி நேரத்துக்கு மேல் மனிதன் தாங்க மாட்டான் என்பதால் தெருவுக்கு ஒருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வருடா வருடம் அப்படித்தான். முதல் தெருவில் ஸ்டான்லி அண்ணன் அதற்குள் இருமினார், தும்மினார், "களிகூருங்கள்" என்று கத்தினார். தெரு முடிந்ததும் கழற்றி, உள்ளே ஊதி ஈரத்தை விரட்டி, தர்மராஜுக்குக் கொடுத்தார். தர்மராஜ் சீனுவுக்குக் கொடுத்தான். சீனு எனக்குக் கொடுத்தான். ஒரு கிருமி ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், இதைவிடச் சொகுசான வண்டியை யார் ஏற்பாடு செய்து தர முடியும்?

ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தோம். கேட் பூட்டியிருந்தது. அக்கா உள்பக்கம் சாவியோடு நின்றிருந்தாள்.

"இன்னாம்மா ஜெபா, கேட்ட பூட்டி வெச்சிகினு?" என்றார் ஸ்டான்லி அண்ணன், மூக்கைத் துடைத்தபடி.

"பாட்டு காதுக்கு வந்தா போதும்ண்ணே. அங்கியே நின்னு பாடுங்க."

"கொழந்தைய தாத்தா தூக்கினு ஒரு போட்டோ எடுக்க வாணாமா? நான் தலைவரானதுலேர்ந்து நம்ம சபைல தாத்தா தூக்காத கொழந்தை இருக்குதா?"

"தாத்தாக்குள்ள யாரு?"

நான் உள்ளிருந்து கையாட்டினேன். "நான்தான்க்கா."

"உனுக்கு முன்னாடி யாரு?"

"சீனு."

"அதுக்கு முன்னாடி?"

"தர்மராஜு."

"அதுக்கும் முன்னாடி?"

நான் தாடியைத் தடவினேன். டிரம் நின்றது.

"அது மூணு தெரு முன்னாடிக்கா. எல்லாம் காஞ்சி பூடுச்சி."

"அண்ணன் நெத்தி கொதிக்கறது இங்கேர்ந்தே தெரியிது. நீ இன்னிக்கி எங்க தூங்கப் போற?"

"நம்ம வூட்லதான்."

"வாசப்படி ஏறிப் பாரு, காலை ஒடைக்கறேன்."

உள்ளே போனாள். ஒரு பாய் சுவர் தாண்டி வந்து விழுந்தது. பிறகு தலையணை. பிறகு போர்வை. கிறிஸ்மஸ் தாத்தா பரிசு கொடுப்பார் என்பார்கள். சுவர் தாண்டிப் பரிசு வாங்கிய முதல் தாத்தா நானாகத்தான் இருப்பேன். மாடியில் பாதி கட்டி நின்ற அறைக்குத் தெருப் பக்கமிருந்தே படி உண்டு. சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்தேன். ஒரு வாரம் அங்கேதான்.

இரண்டாம் நாள் எனக்கு நூற்றிரண்டு. அம்மா தட்டைப் படியில் வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று குரல் கொடுப்பாள். நான்காம் நாள் கொஞ்சம் குறைந்தது. எட்டிப் பார்த்து, "அக்கா, எனக்கு சரியாப் போச்சி. கீழ வரட்டா? கொழந்தைய தூரத்துலேர்ந்து பாத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

"ஜுரம் எவ்ளோ?"

"நூறுதான்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. குரல் என்னுடையது. வாக்கியம் ஸ்டான்லி அண்ணனுடையது. அச்சு அசல். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் காலை பாடகர் குழுவில் பதினான்கு பேருக்கு மூன்று பேர் நின்றார்களாம். ஜெனிட்டா, ஆர்கன் வாசிப்பவர், பூரண சுகத்தோடு ஸ்டான்லி அண்ணன். "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெம்பே இல்ல" என்று ஆராதனை முடிந்ததும் வருத்தப்பட்டாராம்.

காய்ச்சல் முழுசாக விட்டு ஒரு நாள் போன பிறகு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு இறங்கினேன். அக்கா வாசலில் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அத்தனை நாளில் அவன் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

ஆகவே, ஸ்டான்லி அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களே, நானும் சிரித்தவன்தான். அவர் முகத்தைக் கழற்றி என் முகத்தில் மாட்டிக்கொண்டே சிரித்தேன். நீங்கள் அந்த இனமே கிடையாது என்று சொல்வீர்கள். ரொம்ப சந்தோஷம். இந்தப் புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: பக்கத்தைப் புரட்டும்போது விரலை எங்கே நனைத்தீர்கள்?