பல் டாக்டரின் பின்னச்சு

ஒரு குடிமகன் தன் சொந்தக் காருக்கு ஓர் ஆக்ஸில் தேர்ந்தெடுப்பதால் பொது அமைதிக்கு எந்தக் குந்தகமும் வந்துவிடாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. நாங்கள் என்றால் எங்கள் தெரு. நான் அந்தத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு மேல்மாடியில் பல் டாக்டரின் கிளினிக். அவருடைய காருக்குத்தான் ஆக்ஸில் தேவைப்பட்டது.

டாக்டர் சாதுவான மனிதர். ஒரு பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல்லிடம் மன்னிப்புக் கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். அவருடைய கார் மாமனார் ஓட்டிய பழைய கார், எழுபது குதிரைசக்தி. அந்த வருஷம் எங்கள் தெருவில் காருக்குப் பெரிய எஞ்சின் போடும் மோகம் பிடித்தது. தெருவில் முப்பது அடிக்கு ஒரு வேகத்தடை, முனையில் ஒரு சிக்னல், அதைத் தாண்டினால் அடுத்த சிக்னல்வரை நெரிசல். மூன்றாவது கியர் போட்ட மனிதரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நானூறு குதிரைசக்தி இல்லாத காரில் பிள்ளைகளை ஏற்றிப்போகிறவன் பொறுப்பில்லாத தகப்பன் என்ற கருத்து எப்படியோ நிலைபெற்றுவிட்டது.

டாக்டர் இதற்கெல்லாம் அசையவில்லை. அவரை அசைத்தது மச்சான்தான். மனைவியின் தம்பி, டைல்ஸ் வியாபாரி. ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"அத்தான், உங்க வண்டி இப்ப ஸ்டார்ட் ஆச்சா, இல்ல தும்முச்சா?"

டாக்டரின் மகள் சிரித்துவிட்டாள். அடுத்த மாதமே காரில் நானூறு குதிரை எஞ்சின் உட்கார்ந்தது. அதற்கு அனுமதி வாங்குவது சுலபமாக இருந்தது. வாகன மாற்ற அனுமதி அலுவலகத்தில் முன்பகுதிப் பிரிவு, நடுப்பகுதிப் பிரிவு, பின்பகுதிப் பிரிவு என்று மூன்று உண்டு. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பகுதி. அந்தப் பிரிவின் அதிகாரி பானெட்டைத் திறக்கச் சொன்னார், உறுமலைக் கண்ணை மூடிக் கேட்டார், கையெழுத்துப் போட்டார். கால் மணி நேரம்.

மறுநாள் காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விடக் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். சிக்னல் பச்சையானது. டாக்டர் வாழ்க்கையில் முதல்முறையாகக் காலை முழுசாக அழுத்தினார். எஞ்சின் கர்ஜித்தது. அடியில் 'ணங்' என்று ஒரு சத்தம். கார் நின்ற இடத்திலேயே பின்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கப் பின்சக்கரம் மட்டும் கழன்று, காரை முந்தி, சிக்னலை ஒழுங்காகக் கடந்து, எதிரே ஒரு சலூனுக்குள் போய்ப் படுத்தது.

"ஏங்க, நம்ம சக்கரம் போகுது" என்றாள் மனைவி.

புது எஞ்சின் போட்ட பிறகு அந்தக் காரின் ஏதாவது ஒரு பாகம் வேகமாகப் போனது அதுதான் முதல் தடவை.

மெக்கானிக் வந்தார். கிரீஸ் அண்ணன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். உடைந்த ஷாஃப்டை உருவித் துணியால் துடைத்துக் காட்டினார்.

"பல்லு மொத்தமும் வழிச்செடுத்த மாதிரி போயிருச்சு டாக்டர்."

டாக்டர் பழக்கதோஷத்தில் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி, "வலி இருந்திருக்குமே" என்றார்.

"இந்த ஆக்ஸில் எழுபது குதிரைக்குச் செஞ்சது. நானூறைக் கொண்டாந்து கட்டினா மீதி முந்நூத்தி முப்பது எங்க போகும்? எலும்பை முறிச்சுக்கிட்டுத்தான் போகும். முதல்லயே சொன்னேன், எஞ்சினுக்கு முன்னாடி ஆக்ஸிலைப் பாருங்கன்னு. ஆக்ஸில் கண்ணுக்குத் தெரியாதே, அதனால யாரும் கேக்க மாட்டாங்க."

"இப்ப என்ன செய்யறது?"

"கனமான ஜீப்புல வர்ற ஆக்ஸில் ஒண்ணு இருக்கு. இதுல இருபத்துநாலு பல்லு. அதுல முப்பத்தொண்ணு. ஷாஃப்டும் தடிமன். அகலம் கொஞ்சம் கூட, ரெண்டு பக்கமும் வெட்டிச் சரியாக்கிடலாம். நாலு நாள் வேலை."

"முப்பத்திரண்டு பல்லா கிடைக்காதா?" என்றார் டாக்டர். ஒரு பல் குறைவது தொழில்ரீதியாக அவருக்கு உறுத்தியது.

மனைவி குறுக்கே வந்தாள். "எத்தனை பல்லா வேணும்னாலும் இருக்கட்டும். இனிமே நம்ம சக்கரம் நம்மகூடத்தான் வரணும். அதுவரைக்கும் நானும் பிள்ளையும் இதுல ஏற மாட்டோம்."

அந்த நாலு நாள் வேலைக்கு அனுமதி கேட்டு டாக்டர் பின்பகுதிப் பிரிவுக்குப் போனார். படிவம் மும்மடிப் பிரதி என்பதால் நானும் கூடவே போனேன். பிரிவின் கண்காணிப்பாளர் ஓர் அம்மையார். ஆக்ஸிலை அலுவலக பாஷையில் 'பின்னச்சு' என்றுதான் சொல்வார். கோபமே வராது. வந்தவர்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் மறுப்பார்.

"பழைய பின்னச்சு எங்க இருக்கு?"

"உடைஞ்சிருச்சு மேடம்."

"உடைஞ்சதை மாத்துறது பழுதுபார்ப்பு. அதுக்கு எங்க அனுமதியே வேண்டாம். அதே மாதிரி இன்னொண்ணு போட்டுக்குங்க."

"அதே மாதிரி போட்டா மறுபடி உடையுமே."

"உடைஞ்சா மறுபடியும் பழுதுபார்ப்பு. அதுக்கும் அனுமதி வேண்டாம்."

"மேடம், நான் வலுவானதா போடணும்னு கேக்கறேன்."

"அது மேம்பாடு. தாராளமா செய்யலாம். ஆனா பழைய பின்னச்சு நல்ல நிலையில இருக்கணும். உடைஞ்ச ஒண்ணை எப்படி சார் மேம்படுத்துறது?"

"நல்ல நிலையில இருந்தா நான் எதுக்கு மாத்தணும்?"

"அதையேதான் பதினொண்ணாவது கேள்வியா படிவத்துல கேட்டிருக்கோம். நீங்க காலியா விட்டிருக்கீங்க."

டாக்டர் வெளியே வந்து மரத்தடியில் நின்றார். "அந்தம்மா பேசறதுல தப்பு எங்க இருக்குன்னு தெரியலையே" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இன்னும் மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ஆகவே, கிரீஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே பழையது போல இன்னொரு ஆக்ஸிலை மாட்டினார். அதை நல்ல நிலையில் காட்டுவதற்காக டாக்டர் காரை ஓட்டிப் போனார். அலுவலக வாசலில் ஒரு சரிவுமேடை உண்டு. அதில் ஏறக் காலை அழுத்தினார். ணங். இன்னொன்று மாட்டினார்கள். அதே மேடை, அதே ணங். மூன்றாவதும் அங்கேயே போனது.

பின்பகுதிப் பிரிவு இதை அலட்சியப்படுத்தவில்லை. மூன்று பின்னச்சுகளும் ஒரே இடத்தில் உடைந்திருப்பதை அம்மையார்தான் கவனித்தார். குறை மேடையில்தான் இருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. மேடையை இடித்து இரண்டு பங்கு கெட்டியாகக் கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை பிரிவு மூடியிருந்தது. திறந்த அன்று டாக்டரை அழைத்து, முதல் வண்டியாக அவருடைய காரையே ஏறச் சொன்னார்கள்.

ணங்.

ஐந்தாவது ஆக்ஸிலை மாட்டியபோது கிரீஸ் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "எஞ்சினைப் போட்டாத்தானே உடையுது? தள்ளிக்கிட்டே போவோம்" என்றார். தள்ளினோம். நான், அண்ணன், மச்சான், சொத்தைப் பல்லோடு காத்திருந்த இரண்டு பேர். டாக்டர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். மனைவி மகளைக் கைப்பிடித்து நடைபாதையில் போனவள், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் முழுசாக உள்ளே போய் நின்றது. அம்மையார் குனிந்து பார்த்து மகிழ்ந்தார்.

"பின்னச்சு பிரமாதமான நிலையில இருக்கே! இப்ப விண்ணப்பிக்கலாம். களச்சோதனை மட்டும் பாக்கி. நானே வண்டியில ஏறி, போதாமையை நேரில் பாக்கணும்."

பின் இருக்கையில் ஏறினார். மடியில் கோப்பு. "வழக்கமா எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க" என்றார். டாக்டர் ஐந்து மாதத்து ஆத்திரத்தையும் காலில் வைத்து அழுத்தினார். இந்த முறை இரண்டு சக்கரமும் போயின. ஒன்று அலுவலகச் சுவரில் மோதி நின்றது. மற்றது முன்பகுதிப் பிரிவுக்குள் நுழைந்தது. அவர்கள் அதைத் தங்கள் வரம்புக்கு உட்பட்டதல்ல என்று வெளியே தள்ளிவிட்டார்கள்.

அம்மையார் கோப்பைக் கட்டிப் பிடித்தபடி இறங்கினார். உதடு வெளுத்திருந்தது. முதல்முறையாக அவரே பிறரிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"போதலைங்கறது உண்மைதான்" என்றார். பிறகு மனசாட்சியுள்ள அதிகாரி என்பதால் சேர்த்துக்கொண்டார்: "ஆனா எவ்வளவு இருந்தா போதும்னு இதுல தெரியலையே."

அதைத் தெரிந்துகொள்ள மூவர் குழு அமைந்தது. அம்மையார் தலைவர். இரண்டாமவர் பாலம் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். மூன்றாமவர் காரைப் பற்றி எதுவும் தெரியாதவர் என்ற தகுதியில் பொதுமக்கள் சார்பாக நியமிக்கப்பட்டார். சாட்சியாகக் கிரீஸ் அண்ணன் போனார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு.

பாலப் பொறியாளர் கேட்டார். "முப்பத்தொரு பல் போதும்ங்கறீங்க. முப்பது இருந்தா உடைஞ்சிருமா?"

"முப்பதும் தாங்கலாம் சார்."

"இருபத்தொன்பது?"

"பாத்து ஓட்டினா தாங்கும்."

இப்படியே ஒவ்வொன்றாக இறங்கி இருபத்தைந்துக்கு வந்தார்கள். அண்ணனுக்கு வியர்த்தது. "இன்னும் ஒண்ணு இறங்கினா பழைய ஆக்ஸிலே வந்துரும் சார்!"

"ஆக, பழையதுக்கும் புதுசுக்கும் நடுவுல எங்கயும் ஒரு கோடு கிடையாதுன்னு பதிவு பண்ணிக்கலாம்."

அம்மையார் கனிவாகக் கேட்டார். "அண்ணே, முப்பத்தொண்ணு போட்டா உடையவே உடையாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். தலையாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முப்பது வருஷம் இரும்போடு பழகியவர்.

"இரும்புதானே மேடம். என்னைக்காவது ஒருநாள் உடையத்தான் செய்யும். ஆனா அதுக்கு ரொம்ப நாளாகும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடையக்கூடிய பொருள் என்று சாட்சியே ஒப்புக்கொண்ட பின் அவர்களால் என்ன செய்ய முடியும்? எழுதினார்கள்: 'மேற்படி வாகனத்துக்கு, மனித முயற்சியால் உடைக்க இயலாத பின்னச்சு ஒன்றே பொருத்தமானது எனத் தீர்மானிக்கப்படுகிறது.' பொதுமக்கள் பிரதிநிதி கல் ஏற்றும் லாரி ஒன்றைத் தெருவில் பார்த்திருந்தார். அந்த லாரியின் ஆக்ஸிலே முடிவானது.

"வேண்டாம் டாக்டர்" என்றார் கிரீஸ் அண்ணன். "இதோட கனத்துல நம்ம காரே பாதிதான். அதைச் சுத்தறதுக்கே நானூறு குதிரையும் செத்துரும்."

டாக்டரின் கண்ணில் தண்ணீர். "அனுமதி குடுத்துட்டாங்கண்ணே! முத்திரை வச்சுக் குடுத்துட்டாங்க!" என்றார். அந்தத் தாளை என்னிடம் கொடுத்துப் பத்துப் பிரதி எடுக்கச் சொன்னார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

மாட்டினார்கள். பின்சக்கரங்கள் இரண்டும் ஆள் மார்பு உயரம். மூக்கு தரையை மோந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்தால் தெருவே அதிர்ந்தது. என் கடையில் தாள்கள் தாமாகவே அடுக்கு கலைந்தன. கார் நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் புறப்பட்டு இரண்டாவது வேகத்தடைக்குப் போவதற்குள் மனைவி நடந்தே மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பி எதிரே வந்தாள். ஜன்னலில் குனிந்தாள்.

"சக்கரம் கூடவே வருதா?"

"வருது."

"நல்லது. நான் முன்னாடி போறேன்."

அப்போதுதான் மச்சான் வந்தார். காரைச் சுற்றினார். முட்டிபோட்டு அடியில் பார்த்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"அத்தான், இது எத்தனை டன்னு?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர் அலட்சியமாக. அவர் அலட்சியமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "குழு போட்டு முடிவு பண்ணினது. எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க."

மூன்று மாதத்துக்குள் தெருவில் எல்லோரும் லாரி ஆக்ஸில் மாட்டிவிட்டார்கள். அது நன்றாகத் தெரியவேண்டும் என்று சிலர் டிக்கியை அறுத்து எடுத்தார்கள். மச்சான் தன்னுடையதற்குத் தங்க வர்ணம் அடித்தார். கிரீஸ் அண்ணன் 'வேண்டாம், வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே மாட்டிக்கொடுத்தார். பக்கத்துத் தெருவிலும் பரவியது. பிறகு ஊர் முழுவதும். விபத்து அடியோடு நின்றது. மோதுகிற அளவுக்கு எந்த வண்டியும் போகவில்லை. சாலைப் பாதுகாப்புக்கான பாராட்டுப் பத்திரம் பின்பகுதிப் பிரிவுக்குக் கிடைத்தது. அம்மையார் மூன்று பிரிவுகளுக்கும் தலைவர் ஆனார்.

தலைவரானதும் அவர் கவனித்த முதல் முறைகேடு, நடந்து போகிறவர்கள் வாகனங்களை முந்துகிறார்கள் என்பது. கிழவர்கள் முந்தினார்கள். கையில் பையோடு, தொலைபேசியில் பேசிக்கொண்டே, கையைக்கூடக் காட்டாமல் முந்தினார்கள். சுற்றறிக்கை வந்தது. வாகனத்தை விட விரைவாக நடக்க விழைவோர் தத்தம் கால்களை அலுவலகத்தில் நேரில் காட்டி, உரிய படிவத்தில் அனுமதி பெற்ற பின்னரே நடக்க வேண்டும். இதற்கெனப் புதிதாகக் கீழ்ப்பகுதிப் பிரிவு ஒன்று தொடங்கப்படுகிறது.

அன்று காலை என் கடை வாசலில் படிவத்துக்காக ஊரே நின்றது. டாக்டரின் மனைவி மகளோடு நின்றாள். கிரீஸ் அண்ணன் நின்றார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு நானும் அலுவலகத்துக்கு ஓடினேன். இதை எதிர்த்து யாராவது சண்டை போட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். போட்டோம். வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று.