பிரேக் மாமாவும் போர்ட்டிக்சன் கடலும்

மலாக்காவில் லோரி ஓட்டியவர்களிலேயே, போகிறேன் என்று சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் ஒரு தடவைகூடப் போய்ச் சேராதவர் எங்கள் பிரேக் மாமா ஒருவர்தான். சந்தேகம் இருந்தால் எங்கள் காஜா பேராங்கில் பழைய ஆள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சூடம் ஏற்றிச் சொல்வார்கள்.

கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலிருந்து தேங்காயைச் சந்தைக்கு ஏற்றி வருவது அவர் தொழில். ரோட்டோரம் எவனாவது கையைத் தூக்கினால் போதும், கிரீச்சென்று பிரேக் போட்டுவிடுவார். கொசு அடிக்கக் கை தூக்கியவனைக்கூட ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டிருக்கிறார். தேங்காய் கெட்டுப்போகிற சரக்கில்லை, அதனால் பிழைப்பு ஓடியது.

அவரை நம்பி ஏறிய கெட்டுப்போகிற சரக்கு நாங்கள்தான். வருஷக் கடைசி லீவு விட்டால் ஹைஸ்கூல் பையன்களுக்கு வேறென்ன வேலை? காலையில் பந்து, மத்தியானம் ஆற்றில் மீன், சாயங்காலம் அப்பாவிடம் திட்டு. அந்த லீவில் ஒரு நாள் போர்ட்டிக்சன் கடலுக்குக் கூட்டிப் போவதாக மாமா ஒவ்வொரு வருஷமும் சொல்வார். மலாக்காவிலேயே கடல் இருக்கே என்று கேட்காதீர்கள். எங்கள் கடலில் முங்கி எழுந்தால் எருமைக்கும் எங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. போர்ட்டிக்சனில் வெள்ளை மணல்!

முதல் வருஷம் ஒரு சீனக் கிழவியின் வாத்துகளை ஏற்றினார். எங்கள் எலுமிச்சைச் சாதத்தை வாத்துகள் சாப்பிட்டன. அடுத்த வருஷம் வழியில் வீடு மாற்றிக்கொண்டிருந்த ஒருவருக்காக நின்றார். அன்று முழுக்க அலமாரி தூக்கினோம்.

மூன்றாவது வருஷம் அப்படி விட முடியாது. நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்த வருஷம். சீனியர் பரீட்சை எழுதிவிட்டோம். எங்கள் நாலு பேருக்கும் அதுதான் கடைசிப் பள்ளி லீவு. ஜனவரி பிறந்தால் ராஜு சிங்கப்பூருக்கு, ஒருவன் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு, ஒருவன் பினாங்குக்கு, நான் கோலாலம்பூருக்கு. மாமாவைத் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கே இழுத்துப் போனோம்.

“நாட்டுக்கே சுதந்திரம் கிடைச்சிருச்சு மாமா, எங்களுக்கு ஒரு கடல் கிடைக்கக் கூடாதா? இதை விட்டா நாலு பேரும் ஒண்ணாப் போகவே முடியாது” என்றான் ராஜு.

மாமாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார். “கடலைப் பாக்குற வரைக்கும் எவனுக்கும் லோரிய நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.”

மறுநாள் காலை கிளம்பினோம். நாலு பேரும் பின்னால் நின்றுகொண்டோம். செங் பக்கம் ஒரு மலாய்த் தாத்தா ஆட்டோடு நின்று கையைத் தூக்கினார். மாமா தலையில் அடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க தாத்தா, சத்தியம் பண்ணிட்டேன்!” என்று மலாயில் கத்தியபடியே தாண்டிப் போனார். அப்புறம் ஒரு மைல் தூரம் புலம்பல். நடுவில் ராஜுவுக்கு ஒன்றுக்கு வந்தது.

“மாமா, ஒரே ஒரு நிமிஷம்!”

“அடக்குடா! சத்தியம்னா சத்தியந்தான்!”

மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டினோம். ரப்பர் மரத்தடியில் ஒரு பஸ் புகை விட்டுக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்திலே ஒரு மலாய்க் கல்யாணக் கூட்டம். சரிகைச் சட்டையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை வேர்த்து வழிய நிற்கிறான். கொம்பாங் மேளக்காரர்கள் மேளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். எங்களால் பார்க்க முடியவில்லை. நாலு பேரும் முன்பக்கத் தகரத்தில் தட்டினோம்.

“நிறுத்துங்க மாமா! பாவம்!”

“அட பாவிகளா, நீங்கதானடா சத்தியம் வாங்குனீங்க! பிள்ளையாருக்கு எவன் பதில் சொல்றது?”

“அதுக்காக? கல்யாணம் நின்னுருமே!”

மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “நிறுத்தத்தானே கூடாது? சுத்தி வரலாம்ல?”

முதல் கியரில் போட்டு அந்த பஸ்ஸையே சுற்ற ஆரம்பித்தார். ஐயையோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! மேளக்காரர்கள் ஓடி ஓடி ஏறினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவை முன்சீட்டுக்குள் தள்ளினோம். மாப்பிள்ளையைத் தேங்காய் மூட்டை மாதிரி அலாக்காகத் தூக்கிப் போட்டோம். அவன் செருப்பு கீழே விழுந்தது. எடுக்கக் குதித்த ராஜு, வந்த வேலையை மறந்துவிட்டு நேரே ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஓடினான்.

பெண் வீட்டிலும் மாமா நிறுத்தவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேளக்காரர்கள் லோரியிலிருந்தே வாசித்தார்கள். இந்தியர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துப் பெண் வீட்டார் கைதட்டி வரவேற்றார்கள். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி இருமிக்கொண்டு நின்றது.

“நான் நிறுத்தல. அதுவா நின்னுச்சு” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாமா முதல் ஆளாகப் பந்திக்கு ஓடினார். நெய்ச்சோறும் கோழிக் கறியும் இன்றைக்கும் நாக்கில் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்தோ பெட்ரோல் வாங்கி டாங்க் நிறைய ஊற்றியபோது சாயங்காலமாகிவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. கடல் அவ்வளவுதான்.

திரும்பும்போது நாலு பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். மாமா முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

“வருசம் பூரா தேங்காயோடதான்டா ஓட்டுறேன். அது ஒரு வார்த்த பேசுமா?” என்றார் திடீரென்று. “இந்த லீவுலதான் வண்டியில மனுசச் சத்தம் கேக்கும். இனி அதுவும் கிடையாது, என்னா?”

ராஜு நகர்ந்து மாமாவோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தான்.

காஜா பேராங் வந்தது. எங்கள் தெருமுனையும் வந்தது. லோரி நிற்காமல் போயிற்று.

“மாமா, நம்ம தெரு!”

“கடலப் பாத்தாச்சா? இல்லல்ல? சத்தியம் அப்படியே இருக்குடா. எப்படி நிறுத்துறது?”

சந்தையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே தெருமுனைக்கு வந்தார், மறுபடியும் தாண்டிப் போனார். டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. இறங்க வேண்டும் என்று எங்களில் ஒருவனும் சொல்லவில்லை.