பிராணவாயு சாரும் பஞ்சு அடைப்பும்

“இன்றும் பம்ப் அடித்த பிறகுதான் காபி.” அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி நாளில் என் டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன். வந்த விருந்தாளியிடம் சைக்கிள் பம்பை நீட்டிய மனிதர் காஞ்சிபுரச் சரித்திரத்திலேயே, காற்றுப் பைத்தியத்தால் நாங்கள் பிராணவாயு சார் என்று பெயர் வைத்தவர் ஒருவர்தான்.

கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர். எனக்குப் பக்கத்துப் போர்ஷன். மதராஸ் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்த நண்பர் மூலம் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மேல் கதிர்வீச்சு பாய்ச்சி வாங்கி, அந்தப் புட்டிகளை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். கதிர் பட்டுச் சிதைந்த செல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும், அதற்குச் சர்க்கரையும் காற்றும் வேண்டும் என்று நிரூபித்தே தீருவது என்று கிளம்பியிருந்தார். காற்றுக்குத்தான் பம்ப். கிருமி நுழையாதிருக்க புட்டி வாயில் பஞ்சு. இந்த முறை நண்பர், “இதான் கடைசி” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

வீட்டுக்காரர் பட்டு நெய்பவர். கூடத்துத் தறியில் அரக்கு நிறக் கல்யாணப் புடவை. அதில் வெள்ளையாய் ஒரு பஞ்சுத் தூசு ஒட்டியதைப் பார்த்த அவர் மனைவி, சார் கல்லூரிக்குப் போனதும் பஞ்சையெல்லாம் பிடுங்கிப்போட்டு, கார்க் வைத்து, மெழுகும் ஊற்றிவிட்டார்.

மாலையில் சார் அலறினார். “இன்னாம்மா இது! அடிபட்டதுக்கு மூக்க அடைச்சிட்டீங்களே!”

“ஈஸ்ட்டுக்கு ஏதுபா மூக்கு? பட்டுல பஞ்சு ஒட்டிக்கினா நீயா வந்து பொறுக்குவ?”

சார் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “தறியில இழை அறுந்தா இன்னா பண்ணுவீங்க?”

“நிறுத்திட்டு முடிச்சுப் போடுவோம். அப்டியே ஓட்டினா பழுது துணியில ஏறிடும்.”

“அதேதாங்க! செல்லும் பெருகறதுக்கு முன்னாடி முடிச்சுப் போடணும். அதுக்குத் தெம்பு வேணும். காத்து இல்லாட்டி அதே சர்க்கரை அரை வயித்துக்குக்கூட பத்தாது!”

அந்த ஈஸ்ட் தேறவில்லை. சார் விடவில்லை. சனிக்கிழமைதோறும் மதராஸ் போய் நண்பர் வீட்டு வாசலில் நின்றார். கடைசியில் நண்பரின் மனைவியே, “கொடுத்துத் தொலைங்க, காய்கறிக்காரன்கூட இவரத் தாண்டி வர முடியல” என்றாராம்.

புதுப் புட்டிகள் வந்தன. இம்முறை வீட்டுக்காரரே பஞ்சின் மேல் கழிவுப் பட்டுத் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். ஒரு தூசு பறக்கவில்லை. பாதிப் புட்டிகளை மட்டும் சார் வேண்டுமென்றே கார்க்கும் மெழுகும் வைத்து மூடினார். தட்டுகளில் வளர்த்துப் பார்த்தபோது, மூடியவற்றில், பிழைத்த செல்கள் பெருகிய புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாய். காற்று வாங்கியவற்றில் அம்மை போட்டதுபோல் நிறைய.

“பொழச்சிக்கிச்சும்மா!” என்று கூடத்துக்கே ஓடிவந்தார்.

“சரி சரி, தறிய இடிக்காத. காபி குடிப்பா” என்றார் அந்த அம்மாள். பம்ப் அடிக்காமலே அவருக்குக் கிடைத்த காபி.

எழுபதுகளில் சார் வடக்கே போய்விட்டார். இந்தச் சோதனையை ஏதோ ஒரு சஞ்சிகையில் வெளியிட்டார் என்றும், நன்றி சொன்ன இடத்தில் வீட்டுக்காரத் தம்பதியின் பெயரைப் போட்டார் என்றும் கேள்வி. உறுதி செய்ய முடியவில்லை. எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.