பெட்ரோலைக் குடித்தது நானில்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நான், மகள், மாப்பிள்ளை எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்கிற மனநிலையில் நான் இல்லை, கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். முழங்காலுக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா இல்லையா? இதையும் கோபமாகத்தான் கேட்கிறேன்.

போன மாதம் நீ மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினாயே, அப்போது அவர் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்து அறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "ஹைவேல மைலேஜ் விழுந்துகிட்டே போகுது மாமா, என்னன்னே புரியல" என்று மாப்பிள்ளை புலம்பினார். அதற்கு நீ என்ன சொன்னாய்? "இதுல புரிய என்ன இருக்கு மாப்பிள்ளை? பின் சீட்டுல எங்க அக்காவை ஏத்திக்கிட்டுப் போனா லாரியே முக்கும். அவங்களை பஸ்ல ஏத்தி விடுங்க, மைலேஜ் தானா ஏறும்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரித்துவிட்டு இருமினாய். எனக்கு இருமல்கூட ஞாபகம் இருக்கிறது.

எடையைப் பற்றிப் பேச வேறு ஆளே கிடைக்கவில்லையா? நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டது எதனால்? நீ பிறந்தாய். அம்மா வேலைக்குப் போக வேண்டும், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். நீயோ நடக்கத் தெரிந்த பிறகும் தரையில் கால் வைக்க மாட்டேன் என்று கத்துவாய். என் இடது இடுப்பு இன்றைக்கும் வலதைவிட இறங்கித்தான் இருக்கிறது, எனக்கு அளவெடுத்த எந்தத் தையல்காரரையும் கேட்டுப் பார். உன்னைச் சுமந்தபோது எனக்கு என்ன மைலேஜ் கிடைத்தது என்று யாராவது கேட்டார்களா?

மாப்பிள்ளை தங்கமானவர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறதே, ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று காட்டுமே, அவர் ரோட்டைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறார். அவருடைய ஆபீஸ் காசாளர் அதே காரை வாங்கியிருக்கிறார், நிறம்கூட அதேதான். சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும், "உங்களுக்கு எவ்வளவு சார் கொடுக்குது? எனக்கு இருபதுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது" என்று அந்த மனுஷர் கேட்க, இவர் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். அன்றைக்குப் பிடித்தது சனி.

கண் டாக்டரைப் பார்க்க என்னைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஹைவேயில் ஏறியதுமே மாப்பிள்ளை ஜன்னல் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். வேகமாகப் போகும்போது ஜன்னல் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்குமாம், எங்கேயோ படித்திருக்கிறார். சரி, ஏ.சி.யைப் போடுங்கள் என்றால், ஏ.சி.யும் கொஞ்சம் குடிக்குமாம். ஜன்னலும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது, நாங்கள் மூன்று பேரும் மூடிபோட்ட சட்டியில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். மகள், "அம்மாவுக்கு மூச்சு முட்டுதுங்க" என்று என் பெயரைச் சொல்லித் தனக்கு ஏ.சி. போட்டுக்கொண்டாள், அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது. அடுத்து வேகம். நூற்றுப்பத்தில் போனால் பெட்ரோல் தண்ணீராய்ப் போகும், எண்பதில் போனால் நிற்கும் என்று எண்பதுக்கு வந்தார். எங்களைத் தாண்டாத வண்டி கிடையாது. பள்ளிக்கூட பஸ் தாண்டியது, ஒரு பிள்ளை நாக்கைத் துருத்திக் காட்டியது, நானும் காட்டினேன். மாடு ஏற்றிய வண்டி தாண்டியது, மாடுகள்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தன.

அது போதாதென்று ஒரு பெரிய லாரிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். லாரி முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம், நாம் நோகாமல் பின்னாலேயே போகலாமாம். எனக்கு முன் கண்ணாடி முழுக்க லாரியின் பின்கதவு, அதில் படிந்த தூசியில் யாரோ விரலால் வரைந்த பூனை, அவ்வளவுதான் தெரிந்தது. பூனையின் மீசையை எண்ணுகிற தூரம். கொஞ்ச நேரத்தில் லாரி ஓரம்கட்டியது, இவரும் கூடவே ஓரம்கட்டினார். லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏன் சார், ரொம்ப நேரமா முதுகுலயே ஒட்டிக்கிட்டு வர்றீங்க? என்கிட்ட ஏதாவது வேணுமா?"

"இல்லீங்க… காத்து… உங்க வண்டி காத்தை மறைக்குது, அதான்…"

"நான் ஒரு பிரேக் போட்டா உங்க வண்டி என் வண்டிக்கு அடியில படுத்துக்கும். அப்புறம் உங்களுக்குக் காத்தே வேண்டாம் சார்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் வண்டியின் கூரையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. மேல பெரியவங்களை வச்சுக்கிட்டுப் போறீங்க, மனசு சரியில்லாம ஓட்டுறீங்கன்னு இப்பதான் புரியுது."

"ஐயோ, அது காலிப் பெட்டிங்க!" என்றாள் மகள்.

"ஓ, எல்லாம் முடிஞ்சு திரும்பறீங்களா?" என்றார் அவர் இன்னும் பணிவாக.

அந்தப் பெட்டி யார் கொடுத்தது என்று உனக்குத் தெரியும். கார் வாங்கிச் சில மாதம் கழித்து நீதான் வந்து, "ஊருக்குப் போனா சாமானையெல்லாம் மேல போட்டுக்கலாம் மாப்பிள்ளை" என்று அந்த நீளக் கறுப்புப் பெட்டியைக் கூரைமேல் ஏற்றி, திருகாணியெல்லாம் நீயே முறுக்கிவிட்டு, இரண்டு முறை சாப்பிட்டுவிட்டுப் போனாய். ஒரே ஒரு தடவைதான் அதில் சாமான் வைத்தோம். அப்புறம் கழற்றச் சோம்பல், அது பாட்டுக்கு மேலே கிடந்தது. ரோட்டில் எங்களைப் பார்த்து எத்தனை பேர் தலைகுனிந்து வழிவிட்டிருக்கிறார்கள் தெரியுமா? நான் என் முகத்துக்கு உள்ள மரியாதை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மூத்த பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. எல்லாரும் கிளம்பிப் போய்ப் பார்ப்பதென்று முடிவு. எல்லாரும் என்றால் நான் இல்லை. மகள் என் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டே, "அம்மா, உனக்குக் கார்ல கால் மடக்கி உட்கார்ந்தா வலிக்கும். பஸ்ல தாராளமா உட்காரலாம். நாங்க காலையில போயிடறோம், நீ சாயங்காலம் வந்து சேர்ந்துக்கயேன்" என்றாள். எனக்கா தெரியாது இது யார் சொல்லிக்கொடுத்தது என்று? நான் சாயங்காலம் போய்ச் சேர்வதற்குள் பேத்தியின் மாமியார், அந்தச் சம்பந்தியம்மா, குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, மூக்கு எங்க பக்கம், நெற்றி எங்க பக்கம் என்று மொத்தத்தையும் பங்கு பிரித்துவிடுவாள். எனக்குக் காது மடல்கூட மிஞ்சாது. கொள்ளுப்பேத்தியை முதலில் தூக்கப்போவது நானா அவளா என்பதுதான் இப்போது கேள்வி, உன் ஒரு இருமலில் அது அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

நான் அழவில்லை. "மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை என்னை வச்சு ஒரு தடவை ஓட்டுங்க, இறக்கிவிட்டு ஒரு தடவை ஓட்டுங்க. நான்தான் குடிக்கிறேன்னு தெரிஞ்சா நானே பஸ் ஏறிக்கறேன்" என்றேன். அவருக்கு உள்ளூர ஆசைதான், உடனே ஒத்துக்கொண்டார். சுங்கச்சாவடி வரைக்கும் போய்த் திரும்பினோம். பிறகு என்னை ஒரு டீக்கடையில் உட்கார்த்திவிட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் அவர் மட்டும் போய்வந்தார். நான் அங்கே டீ குடித்து, டீக்கடைக்காரரின் மாமியாருக்கு என்ன வியாதி என்பது வரை விசாரித்து முடித்தபோது வந்து சேர்ந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. "வித்தியாசமே இல்ல அத்தை. புள்ளிக்கு அப்புறம்தான் ஏதோ கொஞ்சம் மாறுது" என்றார். டவுனுக்குள் நின்று நின்று கிளம்பினாலோ மேடு ஏறினாலோதான் எடை தெரியுமாம், ஒரே சீராக ஓடுகிற ரோட்டில் வண்டி நம்மைத் தூக்கிக்கொண்டு சும்மா உருளுமாம். டயரில் காற்று குறைந்திருந்தது, அதையும் அடித்துப் பார்த்தோம். கொஞ்சம் ஏறியது, பழைய எண் வரவில்லை.

சரி, நான் இல்லையென்றால் யார்? இதைக் கண்டுபிடித்தது எந்தப் படிப்பும் இல்லை தம்பி, என் மனத்தாங்கல்தான். மொட்டைமாடியில் போர்வையைக் காயப்போட்டபடி நம் பெரியக்கா வீட்டுக்கு நாங்கள் காரில் போய்வந்ததையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் உள்ள பெட்ரோல் பங்க்கில் மாப்பிள்ளை எல்லாருக்கும் காபி வாங்கினார், எனக்கு மட்டும் மறந்துவிட்டார். இன்னொரு தடவை அதே பங்க்கில் மகள், "அம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உட்காரு" என்றாள், பெட்ரோல் போடுகிறவர் காதில் விழும்படி. சரி, அதற்கு முந்தின தடவை அங்கே யார் என்னை என்ன சொன்னார்கள் என்று யோசித்தால், ஒன்றும் இல்லை! அதற்கும் முந்தின தடவை? ஒன்றும் இல்லை! எனக்கா மறக்கும்? அப்போதெல்லாம் நாங்கள் அந்தப் பங்க்கில் நிற்கவே இல்லை. கிளம்பும்போது நிரப்பிய பெட்ரோல் போய்விட்டு வீடு திரும்புகிறவரை வந்தது. பாலத்துக்கு முன்னால் எனக்குக் கோபம் வர ஆரம்பித்ததே நீ அந்தப் பெட்டியை ஏற்றிய பிறகுதான்! அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது பார், ஈரப்போர்வை புடைத்துக்கொண்டு என்னையே கைப்பிடிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. போர்வையை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"மாப்பிள்ளை, மேல கிடக்கிற பிணப்பெட்டியைக் கழட்டுங்க. காத்து அதைத்தான் பிடிச்சு இழுக்குது."

"காலிப் பெட்டி அத்தை, அதுல எடையே இல்லையே?"

"எடை காரணமில்லைன்னு என்னை வச்சு நிரூபிச்சாச்சு. இப்ப காத்துதான்னு அதை வச்சு நிரூபிங்க!"

நீ முறுக்கின திருகாணி துருப்பிடித்துப்போய் அசையவே இல்லை. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி (திட்டியது நான், உன்னைத்தான்) ஒருவழியாகக் கழற்றி மறுபடியும் சுங்கச்சாவடிக்குப் போனோம். கூரையில் இத்தனை நாளாக ஒரு விசில் சத்தம் கேட்குமே, அது இல்லை. திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஒரு சத்தம் போட்டார், நான் எதிலோ மோதிவிட்டோம் என்றே நினைத்தேன். "அத்தை, இருபத்திரண்டு!" வண்டியை நிறுத்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கிருந்தே காசாளருக்குப் போன் பண்ணினார், ஞாயிற்றுக்கிழமையென்றும் பார்க்காமல். "குழந்தையைப் பார்க்கப் போறப்ப முன் சீட்டு உங்களுக்குத்தான் அத்தை" என்று சொல்லியிருக்கிறார். முன் சீட்டு!

ஆகவே தம்பி, இத்தனை நாளாக வண்டியின் பெட்ரோலைக் குடித்தது உன் அக்கா இல்லை, உன் பரிசு. அதை நேற்றே பார்சல் லாரியில் உன் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். உன் வீட்டுக் கூரைமேல் ஏற்றி வைத்துக்கொள், வீடு நகராது. இனி எங்கள் வீட்டுக்கு எதையும் தூக்கிக்கொண்டு வராதே. நீ இருக்கிற வண்டியில் நான் ஏறுவதாக இல்லை, நான் இருக்கிற வண்டியில் நீயும் ஏற வேண்டாம்.

உன் பெண்டாட்டி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உன்னோடு குடித்தனம் நடத்துகிறாளே, அவள் நூறு வயது நன்றாக இருக்கட்டும். நீயும் நோய்நொடி இல்லாமல் இரு, உன்னோடு சண்டை போட எனக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்த அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சங்கதி. மகள் குழந்தைக்கென்று மரத் தொட்டில், குளிக்கிற தொட்டி, மெத்தை, மூட்டை மூட்டையாகத் துணி என்று வாங்கி வந்து வண்டியில் அடைத்துப் பார்த்தாள். டிக்கி மூடவில்லை, பின் சீட்டு முழுக்கத் தொட்டில், முன் சீட்டில் தொட்டி. மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "அத்தை, பஸ்ஸு…" என்று இழுக்கிறார். ஆகையால் பார்சல் வந்ததும் பிரிக்காதே, பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர். திருகாணியை நீயே முறுக்கு, உனக்குத்தான் அது வரும். மைலேஜ் காட்டுகிற அந்தத் திரைமேல் நான் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டேன், எண்பதில் போனால் போதும். முன் சீட்டை மகளுக்கே விட்டுவிட்டேன், நீயும் என்னோடு பின் சீட்டில் ஏறிக்கொள், குழந்தையைப் பார்க்க நமது பக்கத்திலிருந்து ஒரு மூக்காவது வர வேண்டும். எடையைப் பற்றிக் கவலைப்படாதே. இடம் போதாவிட்டால் என் இடது பக்கம் சாய்ந்து உட்கார், அந்தப் பக்கம் உனக்குப் பழகினதுதான்.